தம்பி வயலுக்குப் போன உப்பு

சிலமலையில் என் வயல் மேலே, தம்பியின் வயல் அதற்கு அடுத்துக் கீழே. வாய்க்கால் தண்ணீர் என் வயலில் நிறைந்து, மடை வழியாக அவன் வயலுக்கு இறங்கும். மேல்வயல்காரன் அந்த மடையை அடைத்தால் ஊரே காறித் துப்பும்.

ஐம்பதுகளில் உப்பு உரம் மூட்டையில் வந்திறங்கியது. தண்ணீரை வடித்துவிட்டு, உப்பைக் களிமண்ணில் பொதிந்து உருண்டை பிடித்து, பயிருக்கு நடுவே சேற்றில் ஆழமாக அழுத்த வேண்டும், மடையைச் சில நாள் அடைக்க வேண்டும் என்றார் விவசாய ஆபீசர். முறைத் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறவனிடம் வடிக்கச் சொன்னால் எரிச்சல் வராதா? நின்ற தண்ணீரிலேயே வீசி எறிந்தேன். மடை திறந்தே கிடந்தது.

சில நாளில் தம்பியின் பயிர் கரும்பச்சையாக நின்றது. அவன் உரமே வாங்கவில்லை. என் பயிர் மஞ்சள் பாரித்திருந்தது. என் மூட்டையிலிருந்து உப்பை அள்ளிவிட்டான் என்று களத்துமேட்டில் நாலு பேர் முன்னால் அவனைத் திருடன் என்றேன். வாய்க்கொழுப்பு எனக்கு.

அவன் சண்டை போடவில்லை. அறுப்பு முடிந்ததும் தன் நெல் முழுவதையும் என் வாசலில் இறக்கினான்.

"நீங்களே வச்சுக்கிருங்கண்ணே. நான் ஏலத்தோட்டத்துக்குக் களை வெட்டப் போறேன்."

குரங்கணிக்கு மேலே மலையேறிப் போய்விட்டான். அந்த நெல்லை மண் குலுக்கையில் கொட்டி மூடினேன். தின்னவும் மனம் வரவில்லை, திருப்பித் தரவும் வீம்பு விடவில்லை.

அடுத்த போகத்தில் ஆபீசர் என் வரப்பில் நின்று, போன தடவை போட்ட உப்பு தண்ணீரில் கரைந்து கீழ்வயலுக்கு ஓடியிருக்கும் என்றார். அன்றே தண்ணீரை வடித்தேன். உருண்டை பிடித்து அழுத்தினேன். தரிசாகக் கிடந்த தம்பி வயலுக்குத் தண்ணீர் எதற்கு என்று மடையை அடைத்தேன். என் பயிர் கரும்பச்சையானது. அறுப்பு முடியட்டும், மலையேறிப் போய் அவன் காலில் விழுந்தாவது கூட்டி வரலாம் என்றிருந்தேன்.

அதற்குள் மலைக்காய்ச்சல் அவனைக் கொண்டு போய்விட்டது. கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள்.

வாய்க்கரிசிக்கு என் மனைவி வீட்டு அரிசியை எடுத்தாள். வேண்டாம், குலுக்கை நெல்லைக் குத்து என்றேன். சுடுகாட்டில் மூன்று பிடி போடும்போது, "இது ஒன் நெல்லுதான்டா அப்பு" என்று சத்தமாகச் சொன்னேன். களத்துமேட்டில் இருந்த நாலு பேரும் அங்கே நின்றார்கள். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.