பைலி போட்ட வெற்றுக் கையெழுத்து

வைப்பின் தீவில் யார் கட்டடம் எழுப்பினாலும் முதலில் மண்ணைத் துளைத்துப் பார்க்கப் பைலிதான் வருவான். வல்லார்பாடத்துப் பெண்ணைக் கட்டிய அந்தோணியின் மூத்த மகன். அவனுக்குக் கீழே ஒரே தங்கை, அவனைச் 'சேட்டா' என்று கூப்பிடும் திரேசியா. அவளைக் கட்டிய லோனப்பனும் பைலியும் பத்தொன்பது வருஷம் ஒரே இரும்பு முக்காலியடியில் நின்றவர்கள்.

முக்காலி உச்சியிலிருந்து கனத்த குண்டைக் குழாயின் தலையில் விழவிடுவார்கள். ஒரு முழம் இறங்க எத்தனை இடி என்று பைலி எண்ணிச் சொல்லுவான், லோனப்பன் எழுதுவான்; இடி கூடினால் மண் கெட்டி. நிலத்தடித் தண்ணீரைப் பைலி அன்றைக்கே அளக்கவிடமாட்டான். மறுநாள் காலையில்தான் குழிக்குள் கயிறு விடுவான். அவசரப்பட்டால் தாங்கள் ஊற்றின தண்ணீரைத்தானே அளக்க வேண்டும்!

வேலை தொடங்கினால் கையெல்லாம் சேறு. அதனால் வந்ததுமே வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

"என்ன எழுதப்போறேன்னு பார்க்க வேணாமா அளியா?" என்று லோனப்பன் சிரிப்பான். மச்சானை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"என் தங்கச்சியையே உன்கிட்ட குடுத்துட்டேன். தாளு என்னடா பெரிய தாளு!"

ஞாறக்கலில் ஒரு நாலு மாடிக் கட்டடம். முதல் இரண்டு துளையிலும் பதினெட்டு மீட்டரில் கெட்டி மணல். மூன்றாவது துளை, தூர்த்த குளத்து மூலையில். அங்கே குண்டைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. மேலே வைத்த குண்டின் கனத்துக்கே குழாய் கறுப்புச் சேற்றில் இருபத்து நாலு மீட்டர்வரை வழுக்கிக்கொண்டு போனது.

"பூச்சியம்னு எழுது. இன்னும் பூச்சியம்தான்."

"எழுதியாச்சு அளியா."

கட்டடம் எழும்பி இரண்டு மழைக்காலம் போனது. அந்த மூலை ஒரு சாண் தாழ்ந்தது. மண் சோதிக்கும் கம்பெனியின் மேலாளர் பைலியைக் கூப்பிட்டு அன்றைய தாளை நீட்டினார். மூன்றாவது துளை, பதினெட்டு மீட்டர், முப்பத்தாறு இடி. கீழே அவன் கையெழுத்து.

"நான் பூச்சியம்னுதான் சொன்னேன் சார். இவனைக் கேளுங்க."

லோனப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவர் எண்ணிச் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றான்.

பைலி தாளைத் திருப்பி நீட்டினான். "அதே மூலையில மறுபடி துளைச்சுப் பாருங்க."

துளைத்தார்கள். எல்லார் கண்முன்னாலும் குழாய் சத்தமில்லாமல் உள்ளே போனது. மேலாளர் திரும்பினார். "அப்போ தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டியா?"

அன்றோடு வேலை போயிற்று. நேரே தங்கை வீட்டுக்குப் போனான். திரேசியா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"உன் புருஷன் பண்ணினது தெரியுமாடி?"

"மண்ணுக்குள்ள இறக்குற தூண் நீளத்தைக் குறைக்கணும்னு கான்டிராக்டர் கேட்டாரு சேட்டா. எங்க பையன் ஜோபிக்கு வேலையும் போட்டுக் குடுத்தாரு."

"அப்போ மூணு வருஷமா உனக்குத் தெரியும்."

"ஈஸ்டருக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அன்னைக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்தீங்க." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "கப்பைக் கிழங்கு வெந்திருக்கு, உக்காருங்க."

பைலி உட்காரவில்லை. "அங்க பதினாறு குடும்பம் குடியிருக்கு. ஒவ்வொரு கதவா தட்டிச் சொல்லப்போறேன். என் முட்டாள்தனத்தையும் சொல்லுவேன், உன் புருஷன் பேரையும் சொல்லுவேன்."

"சேட்டா, ஜோபி பேரை மட்டும்..."

அவன் படியிறங்கி ஞாறக்கல் பக்கம் நடந்தான்.