கிளிப்பச்சைத் துணி சுற்றிய பாட்டில்

வசந்தி அக்கா போய்விட்டார்.

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது சுதா போன் செய்தாள். "கோமதி... அக்கா..." என்றாள். கோலம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

பல்லாவரம் போய் அக்காவுக்கு மாலை போட்டுவிட்டு, அஸ்தினாபுரத்தில் என் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அக்காவை ஏர்போர்ட் டிக்கெட் கவுன்டரில் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் சிலர் இருக்கலாம். எனக்கு அவர் ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த வாக்கிங் ஃப்ரெண்ட்.

ஒருநாள் நடந்துகொண்டே கேட்டார். "கோமதி, நீ குடிக்க மாட்டல்ல?"

"ஐயோ பெருமாளே! என்ன கேள்விக்கா இது?"

"அப்ப நீதான் எனக்கு வேணும்."

விஷயம் இதுதான். அக்கா, சுதா, இன்னும் சில தோழிகள்... ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் கூடுவார்கள். லேபிளைப் பார்க்காமல் ரெட் ஒயினை ஆளுக்கு ஒரு வாய் சுவைத்து, எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பாட்டில்கள்.

பாட்டிலை மூடி வைக்கவும் மார்க் போடவும் குடிக்காத ஒருத்தி தேவை. வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் என்று என் பேர் ஏற்கெனவே வெளியே தெரிந்திருந்தது... மாட்டிக்கொண்டேன்.

நியூஸ்பேப்பர் சுற்றினால் நழுவியது. என் பீரோவில் வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்த பிளவுஸ் பிட் அடுக்கு அடுக்காக இருந்தது. அதைக் கொண்டுபோனேன், பாட்டிலுக்கு ஒரு கலர்.

"மாம்பழ மஞ்சள் சூப்பர்டி" என்பாள் சுதா. "எந்த வீட்டு கொலுவுல வாங்கின?"

நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் நானாக எழுத்துக்கூட்டிப் படித்தது. ஷிராஸ், மெர்லோ, கேபர்னே என்று ஒயின் வகைப் பேரெல்லாம் அந்த லேபிள்களில்தான் படித்தேன்.

புரட்டாசி முழுக்க ஒயினுக்கு லீவு. நான் கேட்கவில்லை, அக்கா போட்ட சட்டம். "கோமதி விரதம் இருக்கா. நமக்கு மட்டும் என்ன கொண்டாட்டம்?"

ஒரு ஞாயிறு கொசு தாங்கவில்லை. எல்லோரும் வருவதற்கு முன்னால், நல்ல எண்ணத்தில்தான், அக்கா வீட்டு ஹாலில் சாம்பிராணி போட்டுவிட்டேன்.

அன்றைக்கு எல்லா பாட்டிலுக்கும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். புகை வாசனை, பழைய மரப்பீப்பாய், ரொம்ப விலை உயர்ந்தது... பெங்களூரில் வாங்கிய சாதா பாட்டிலுக்கும் அதேதான்.

அக்கா ஹாலை ஒரு தரம் மோந்து பார்த்தார். "கோமதி... சாம்பிராணி போட்டியா?"

"கொசுக்கா..."

அக்கா சிரித்த சிரிப்பில் கிளாஸ் கவிழ்ந்தது. "எழுதிக்கோடி. இன்னைக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸ் சாம்பிராணிக்கு."

அப்புறம் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. ட்ரீட்மென்ட் முடிந்து வந்தபோது வாசனை, ருசி இரண்டும் போயிருந்தன. "காபி வெந்நீரா இருக்கு. மல்லிப்பூ பேப்பரா இருக்குடி" என்றார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னார். கிளாஸை எடுத்து மூக்கருகே வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மேஜையில் வைத்தார்.

பிறகு கிளாஸை என் பக்கம் தள்ளினார். "நீ மோந்து சொல்லு. நான் கண்டுபிடிக்கறேன்."

"எனக்கு ஒயின் வாசனை என்னக்கா தெரியும்?"

"ஒயின் வாசனைய யாரு கேட்டா? உனக்குத் தெரிஞ்ச வாசனையச் சொல்லு."

பெருமாளை நினைத்துக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டினேன். "பென்சில் சீவினா வருமே... அது. அப்புறம் குடைமிளகா நறுக்கின மாதிரி."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "கேபர்னே."

துணியைப் பிரித்தேன். கேபர்னேதான்!

"அழுகுணி ஆட்டம்!" சுதா கத்தினாள். "லேபிள் தெரிஞ்சவளே மோந்து சொல்லலாமா?"

"அவளுக்கு லேபிள்தான்டி தெரியும். உள்ள இருக்கறது அவளுக்கும் புதுசு."

அக்காவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்... வாசனை திரும்பி வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அதிலிருந்து அதுவே பழக்கமானது. ரசத்துக்கு மிளகு தட்டிய வாசனை என்றால் ஷிராஸ் என்பார். சில நாள் தப்பாகும். "நீ சரியா மோக்கல" என்று என்மேல் போட்டுவிடுவார்.

நடக்க முடியாமல் போன பிறகு சாயங்காலம் போன் வரும். "உங்க தெருவுல இப்ப என்ன வாசனைடி?"

நான் பால்கனிக்குப் போய் நின்று சொல்வேன். எதிர் வீட்டில் கருவாடு. கீழே பூக்காரம்மா கூடை. மழை வருகிற மாதிரி மண் வாசனை... "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி ஆறு மணிக்குப் போன் வராது.

போன மாதம் அவர் மகள் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நான் பாக்கக்கூடாது. நீ எடுத்துட்டுப் போயி சுத்தி வை. கொஞ்சம் தேறினதும் ஆடுவோம்" என்றார்.

அக்கா வீட்டு கொலுவில் எனக்கு வைத்துக் கொடுத்த கிளிப்பச்சைத் துணியில்தான் சுற்றி வைத்தேன்.

ஓப்பனர் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். இன்றைக்குக் குளித்துவிட்டு வந்ததும் கார்க்கை எடுத்தேன்.

அக்கா, கேளுங்க.

ரோஜா மாலை வாசனை வருது. கையில ஒட்டியிருக்கோன்னு இன்னொரு தரம் சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து மோந்தேன். இல்லக்கா, உள்ளேருந்துதான் வருது.

அப்புறம்... ஜி.எஸ்.டி. ரோட்டுல புதுசா தார் போட்டா வருமே, அது.

துணிய இன்னும் பிரிக்கல.

சொல்லுங்கக்கா.