சாமைக் காட்டிலிருந்து வந்த கிரேட்டிங்

செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது கிரேட்டிங் பெட்டியைத் திறந்தேன். தகட்டின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

கொல்லிமலை அரசுப் பள்ளி ஒன்றில் அப்போது நான் இயற்பியல் ஆசிரியை. மீட்டருக்கு ஆறு லட்சம் கோடுகள் பதித்த அந்தச் சிறு தகடு எங்கள் லேபில் ஒன்றே ஒன்றுதான். பாதரச விளக்கின் ஒளியை அதன் வழியே விட்டால், விளிம்பு விளைவால் நிறம் நிறமாகப் பிரிந்து வளையும். வளைந்த கோணத்தை ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தால் அலைநீளம் கிடைக்கும்.

"யாரு இந்த வேலை பண்ணுனது?" என்று கத்தினேன்.

லேப் உதவியாளர் பெரியசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் வெச்சேனுங்க டீச்சர். இத மட்டும் எப்படீங்க உடறது?"

அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நான் செய்தது அதைவிடப் பெரிய கூத்து. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்தோடு கோடுகளும் போயின. நாமக்கல் கடையில் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். பக்கத்துப் பள்ளிகளிலும் அதே நாளில் தேர்வு. சீட்டு எடுக்கும்போது இந்தச் சோதனை எந்தப் பிள்ளைக்கு விழுகிறதோ, அது வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

சி.டி.யிலும் நெருக்கமான கோடுகள் உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் இந்தக் காலத்தில் சி.டி.க்கு எங்கே போவது?

"எங்க சாமைக் காட்டுல குருவி ஓட்டறதுக்குக் கட்டித் தொங்கவுட்டிருக்கறேனுங்க," என்றார் பெரியசாமி அண்ணன்.

மறுநாள் ஆறேழு கொண்டுவந்தார். வெயிலிலும் மழையிலும் மேல்பூச்சு உரியத் தொடங்கியிருந்தது. மிச்சத்தை டேப் ஒட்டிப் பிய்த்து, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோமீட்டரில் நிறுத்தினேன். பாதரச ஒளியின் பச்சைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. எத்தனை கோடு என்று சி.டி.யில் எழுதியிருக்காதே, அதனால் அதையும் அளந்து கண்டுபிடிக்கப் பிள்ளைகளைப் பழக்கினேன்.

தேர்வில் அந்தச் சீட்டு குண்டனி நாடு என்ற மலையூரிலிருந்து வரும் பொன்னிக்கு விழுந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் துண்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னங்க டீச்சர், வெளையாட்டா? கோடு எத்தனைன்னே எழுதலியே. இத எப்படி ஒத்துக்கறது?"

நான் வாயெடுப்பதற்குள் பொன்னி முந்திக்கொண்டாள்.

"நானே அளந்தேனுங்க சார். பச்சையோட அலைநீளம் தெரியுமுங்க. அத வெச்சுப் பார்த்தா மீட்டருக்கு ஆறே கால் லட்சமுன்னு வந்துச்சு. அந்தக் கணக்குல மஞ்சளும் நீலமும் புக்குல இருக்கற மாதிரியே வருதுங்க."

அவர் ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தானே கோணம் படித்தார். பிறகு குரல் மாறியது. "படிகத்துக்குள்ள அணுவெல்லாம் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்குதுன்னு எப்படி அளக்கறாங்க, கண்ணு?"

"இதே மாதிரிதானுங்க சார். அங்க அணு வரிசைதான் கோடு. இடைவெளி ரொம்பச் சின்னது, இந்த வெளிச்சம் ஆகாதுங்க. அலைநீளம் தெரிஞ்ச எக்ஸ்ரேய உட்டு, எந்தக் கோணத்துல வருதுன்னு பார்த்தா இடைவெளி தெரிஞ்சுருமுங்க."

முழு மதிப்பெண் போட்டார். எட்டிப் பார்த்துவிட்டேன், மறைப்பானேன். போகும்போது, "இன்னொரு துண்டு இருக்குதுங்களா? எங்க ஸ்கூலுக்கு வேணும்," என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இளம் ஆசிரியர்களே, கிரேட்டிங்கை ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், துடைக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. அதுவரை என் மாணவர்கள் அத்தனை பேரும் தகட்டில் அச்சிட்டிருந்த ஆறு லட்சத்தை அளக்காமல் அப்படியே பார்த்து எழுதினார்கள், நானும் சரி போட்டேன். புதுக் கிரேட்டிங் வந்ததும், அதில் அச்சிட்டிருந்த எண்ணின் மேல் முதல் வேலையாகத் தாள் ஒட்டி மறைத்தேன்.