குதிரை இல்லை என்று சொன்ன காலை

பாரிசுக்கு வந்து இரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிய பிறகு, தமிழ்க் கடைகள் இருந்த லா ஷப்பல் பகுதியில் எனக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. லூயி-பிளாங் தெருவில் இருந்த சிறிய பயண முகவர் கடை அது. முதலாளி புதுச்சேரிக்காரர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். மீதிப் பேர் புதுச்சேரியிலிருந்து வந்து, பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குத் தமிழும் பிரெஞ்சும் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம்தான் வராது. எனக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. அந்த ஒரே தகுதியில், எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், எட்டுப் பேரை டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் காஷ்மீருக்கும் கூட்டிக்கொண்டு போய்வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

என் மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை அழைப்பதற்கான விண்ணப்பம், குடியேறியோருக்கு அனுமதி தரும் அரசாங்க அலுவலகமான பிரெஃபெக்சரில் கிடந்தது. போய்க் கேட்கும்போதெல்லாம், நிரந்தர வேலை இருக்கிறதா, அதற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். முதலாளியின் முகம் கோணாமல் நடந்துகொள்வதுதான் அந்த வருடங்களில் என்னுடைய முழுக் கவலை.

அந்த எட்டுப் பேரில் ஒரு தம்பதி. கணவர் தபால் இலாகாவில் முப்பது வருடம் இருந்தவர். மலைக்குப் போனாலும் கழுத்துப் பட்டி கட்டுவார். மனைவி அதிகம் பேசமாட்டார். பேருந்தில் ஏறினால் கணவரின் கம்பளிச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வருவார்.

காஷ்மீரில், குல்மார்க்கில் எங்களுக்கு ஒரு நாள் ஓய்வு. விரும்புகிறவர்கள் மட்டக்குதிரையில் அல்பதர் ஏரிக்குப் போய், மாலைக்குள் திரும்பிவிடலாம். ஏரி ஏறத்தாழ நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூனிலும் பனிக்கட்டி மிதக்கும் என்று கடையில் நானே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். விமானம் ஏறிய நாளிலிருந்து அந்தக் கணவருக்கு அதே பேச்சுத்தான்.

"சேன்-தெனி தெருவுல என்கூட காப்பி குடிக்கிறவனுங்க எல்லாம் ஆல்ப்ஸ் பாத்தேன், ஆல்ப்ஸ் பாத்தேன்னு பீத்திக்குவானுங்க தம்பி. போட்டோவோட போய் அவனுங்க முன்னாடி வெக்கிறேன் பாரு."

அதற்கு முதல் நாள் மாலை, விடுதி விறாந்தையில் நான் மறுநாளைய பெயர்ப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி தனியாக வந்தார்.

"தம்பி, அவர நாளைக்கு ஏத்தாதீங்க."

"ஏன் அம்மா?"

"போன வருஷம் அவருக்கு இருதயத்துல ஆப்பரேஷன் ஆச்சு. டாக்டர் உசரமான எடத்துக்குப் போகவே கூடாதுன்னு எழுதிக் குடுத்தாரு. அந்தக் கடுதாசிய ஒளிச்சு வெச்சிட்டுதான் உங்ககிட்ட டிக்கெட் வாங்கினாரு."

நான் பேனாவை மூடினேன்.

"நான் சொன்னேன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா சாகுற வரைக்கும் என்கூடப் பேசமாட்டாரு. குதிரை இல்லைன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"சரி அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் இருக்கிறது.

காலையில் குதிரைக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். நான் மனதில் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ஐயா, இண்டைக்கு மூண்டு குதிரைதானாம். நீங்கள் இஞ்சை நிண்டு ஆறுதலாய்ச் சுத்திப் பாருங்கோவன்."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே பத்துப் பதினைந்து குதிரைகள் சும்மா நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நேராக ஒரு குதிரைக்காரரிடம் போய், தன் நெஞ்சைத் தொட்டு, மலையைக் காட்டி, ஒரு விரலைத் தூக்கினார். குதிரைக்காரர் சிரித்தபடி தலையாட்டிக் குதிரையை அவிழ்த்தார்.

"என்ன தம்பி இது? என்னைப் பாத்தா கெழவனாத் தெரியுதா?"

"இல்லை ஐயா, உயரம் கூட..."

"பாரீஸ் போய் உன் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேக்குறேன். காசு வாங்கிட்டு இப்பிடித்தான் ஏமாத்துவீங்களான்னு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. முதலாளி என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, ஏறுங்கோ" என்றேன்.

விடுதியின் படியில் அவருடைய மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். அந்த அம்மா என்னைப் பார்ப்பது எனக்குத் தெரியும். நான் குனிந்து, சரியாகவே இருந்த சேணத்து வாரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். குதிரைகள் நகரும்வரை தலை நிமிரவில்லை.

கிலன்மார்க் புல்வெளிவரை அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். மரங்கள் முடிந்து, பனித்திட்டுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. "ஐயா, திரும்புவமோ?" என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் விரலை ஆட்டி மறுத்தார். அவரே வேண்டாம் என்கிறாரே என்று நான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஏற்றத்தில் குதிரை போகாது. பாறைகளின் மேல் நடக்க வேண்டும். மற்ற மூவரும் குதிரைகளோடு நின்றுவிட, நாங்கள் இருவரும் குதிரைக்காரரும் ஏறினோம். என் தோளைப் பிடித்து, நான்கு அடிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தார். ஏரி தெரிந்தது. நான் கடையில் வர்ணித்த ஏரி அல்ல அது. ஈயம் உருக்கி ஊற்றியது போலத் தண்ணீர், அதன் மேல் அழுக்கேறிய பனிப்பாளங்கள், சுற்றிலும் கல். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். நான் படம் எடுத்தேன்.

பிறகு சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிகிறவர் போல மெதுவாக உட்கார்ந்தார். எழவில்லை. உதடுகள் நாவற்பழம் தின்றவை போல இருந்தன. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் நீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

குதிரைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். ஆங்கிலத்தில் "கீழே, கீழே" என்றார். தன் நீண்ட கம்பளி அங்கியைக் கழற்றி அவரைச் சுற்றி, துணியால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு அந்தப் பாறைகளில் இறங்கினார். குதிரையில் ஏற்றிய பிறகும் பின்னால் உட்கார்ந்து அணைத்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் ஓடினேன். மடு மாதாவைக் கூப்பிட்டேன். இந்த மனிதர் வழியில் செத்துப்போனால் அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்று யோசித்தேன்.

அந்த அம்மா குதிரைகள் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தார். அழவில்லை.

"உசிர் இருக்கா?"

"ஓம் அம்மா."

மடித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையை விரித்துக் கணவர் மேல் போர்த்தினார்.

டாக்சியில் ஸ்ரீநகருக்கு இறங்க இறங்க ஐயாவுக்கு நிறம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், முன்னர் இருதய நோய் இருந்ததா என்று. நான் தமிழில் ஐயாவிடம் கேட்டேன். பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்தவர் இல்லை என்று தலையாட்டினார். மனைவி தரையைப் பார்த்தார். நான் மருத்துவரிடம் ஆங்கிலத்தில், "ஆம், போன வருடம் அறுவைச் சிகிச்சை நடந்தது" என்றேன். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம் அது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் புரியாது என்ற தைரியத்தில் செய்தது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்து அவர் பிழைத்து வந்தார். பாரிஸ் திரும்பியதும், நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் முதலாளியிடம் வந்து என்னைப் புகழ்ந்தார். சேன்-தெனி தெருவின் கடைகளில் என்னைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்தி, நிற்கிறவர்களிடம் சொல்வார்.

"இந்தத் தம்பிதான் என் உசுரக் காப்பாத்தினவன்."

"நான் இல்லை ஐயா, குதிரைக்காரர்தான் தூக்கினவர்" என்பேன். தன்னடக்கம் என்று சிரிப்பார். ஏரிக்கரையில் எடுத்த படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார். மனைவி கூட இருந்தால் மரக்கறிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் புகழ்ச்சியில் மனம் குளிர்ந்த முதலாளி என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் என் மனைவிக்கு அனுமதி கிடைத்தது. அவள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் என்னால் மனம்விட்டுச் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வருடக் கடைசியில் அந்த ஐயா வீட்டில் நாற்காலியில் இருந்தபடியே இறந்துபோனார். அந்தச் சாவு ஏரிக்குப் போனதால் வந்ததா, இல்லை எப்படியும் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை. தேவாலயத்தில் நடந்த பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். புதுச்சேரியில் தங்கையோடு இருக்கப் போவதாகச் சொன்னார். ஒரு வழிப் பயணச்சீட்டு. நான் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்குக் காலையில நான் படியில நின்னேன். நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது தேவையாக இருந்திருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

"கண்டனான், அம்மா."

அவர் பயணச்சீட்டை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பாக்கலைன்னுதான் இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை என் மனைவியிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி மேலிருந்த பயம், கடிதம், பிரெஃபெக்சர் எல்லாம். அவள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"பயந்திட்டன் எண்டு சொல்லுங்கோ, விளங்குது" என்றாள். "எனக்காகச் செய்தனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

நான் அப்படித்தான் சொல்ல இருந்தேன்.