பிஸ்தாவின் வாய்ப்பூட்டு

டாக்டர் நாய்க்கு ஊசி போடுவார், நாய் என்னைக் கடிக்கும், பிறகு எனக்கு ஊசி போடுவார்கள். இதுதான் என் வேலை.

பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். காஞ்சிபுரத்தில் ஒரு பிராணிகள் கிளினிக்கில் ஒன்றரை வருஷமாக நாய்களைப் பிடித்துக்கொள்கிறேன். கடி வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சும்மா படியுங்கள்.

வெள்ளை நாய்

எங்கள் கிளினிக் சீட்டில் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. ராட்வைலர் என்றால் முதலில் வாய்ப்பூட்டு. பொமரேனியன் என்றால் வேண்டாம். நான் வாங்கிய மூன்று கடியும் இந்த 'வேண்டாம்' நாய்களிடம்தான். ஒரு பட்டுக்கடைக்கார அம்மாவின் வெள்ளைப் பொமரேனியன் என் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. அந்த அம்மா கைக்குட்டையை எடுத்து முதலில் நாயின் வாயைத் துடைத்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "பயந்துடுச்சும்மா பாவம், நீ கைய சீக்கிரம் எடுத்திருக்கணும்."

சாது

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற சேகர் அண்ணனிடம் ஒரு ராட்வைலர் இருந்தது. பெயர் பிஸ்தா. அவருடைய மச்சான் பெங்களூர் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அது உள்ளே வந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வாசலுக்குப் போவார்கள். அதுவோ நகம் வெட்டும்போது என் முட்டி மேல் தலையை வைத்துத் தூங்கும். நாலாவது தடவை நான் பூட்டே போடவில்லை. சீட்டில் என் கையாலேயே எழுதினேன்: சாது, வாய்ப்பூட்டு தேவையில்லை.

டாக்டர் திட்டினார். இந்த அறையில் உன்னிடம் சாது, அவ்வளவுதான் உனக்குத் தெரியும் என்றார். நான் எழுதியதை அடிக்கவில்லை. சேகர் அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த முறை வந்தபோது சொன்னார்: "தெருவுல யாரு கேட்டாலும் இந்தச் சீட்டத்தான் காட்டிக்கினு இருக்கிறேம்மா."

பாவு நீட்டிய காலை

நெசவுக்கு நீளவாக்கில் போகும் நூலைப் பாவு என்பார்கள். அதை அவர்கள் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிச் சரிசெய்வார்கள். நாய் குறுக்கே ஓடினால் இழை போச்சு. அதனால் அன்றைக்கு எல்லா நாயையும் கட்டிவிடுவார்கள். பிஸ்தாவை விளக்குக் கம்பத்தில், உட்காரத்தான் முடியும் என்கிற அளவுக்குக் கிட்டக் கட்டியிருந்தார்கள். இழை அறுந்து அறுந்து வேலை இழுத்துக்கொண்டே போனது. வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு ஹேமா, ஆறு வயசு, பந்தை எடுக்கப் பாவுக்கு அடியில் குனிந்து வந்தவள் தடுக்கி பிஸ்தா மேலேயே விழுந்தாள்.

வலது கையில் பதினோரு தையல். பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவள் அம்மா என்னை உட்காரச் சொன்னார், தண்ணீரும் கொடுத்தார். பிறகு கேட்டார்: "சாதுன்னு எழுதினது நீதானே?"

கடைசித் தடவை

அந்த இனமே அப்படித்தான் என்றது தெரு. அப்படிக் கட்டினால் எந்த நாயும் கடிக்கும் என்று எல்லாரிடமும் சண்டை போட்டேன். அது நிஜம். ஆனால் என் விரலில் இருப்பது எள் அளவு தழும்பு, ஹேமாவால் இன்னும் பென்சிலை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதுவும் நிஜம்.

தடுப்பூசி போட்ட நாய்தான், வெறி இல்லை. ஆனாலும் கடித்த ராட்வைலரை யார் எடுத்துக்கொள்வார்கள்? டாக்டர் ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார். சங்கிலியிலேயே கிடந்து பிஸ்தா சோறு வைக்க வருகிறவர்களையும் பார்த்து உறும ஆரம்பித்தது. ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லி சேகர் அண்ணன் கேட்டபோது முதல் இரண்டு தடவை மாட்டேன் என்ற டாக்டர் மூன்றாவது தடவை ஊசியை எடுத்தார். பூட்டைப் போடு என்றார். நான் பூட்டை நீட்டினேன். பிஸ்தா தானாகவே மூக்கை உள்ளே விட்டுக்கொண்டது.

சேகர் அண்ணன் உள்ளே வரவில்லை. வெளியே போய் முடிந்துவிட்டது என்றேன். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கு அதுக்குத் தண்ணி வெக்கலமா."

எந்த இனம் ஆபத்து என்று இப்போது யாராவது கேட்டால் இவ்வளவையும் சொல்லத் தொடங்குகிறேன், பாதியிலேயே அவர்கள் குட்டி என்ன விலை என்று விசாரிக்கப் போய்விடுகிறார்கள்.