அம்மா தந்த எச்செவேரியா

அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று அவசரமாக மதுரைக்குக் கிளம்பினேன். கிளம்பும் முன், ஹைதராபாத் வீட்டு ஜன்னலோரம் இருந்த எச்செவேரியாவுக்குத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சாவியை எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்தேன். தடித்த இலைகள் ரோஜாப்பூப்போல அடுக்கடுக்காக இருக்கும் அந்தச் செடி, புதுவீட்டுக்கு அம்மா வாங்கித் தந்தது.

அம்மா தேறிய பிறகு திரும்பினேன். தொட்டியில் வெறும் மண்தான் இருந்தது. பதறிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த அக்கா, ஒரு சின்னத் தட்டோடு வந்தார். அதில் செடியின் தலைப்பகுதி மட்டும் இருந்தது. அடியில் இளஞ்சிவப்பாக வேர்கள் விட்டிருந்தன.

"தண்ணி ஜாஸ்தியாகி தண்டு அழுகிடுச்சும்மா. நல்லா இருந்ததை வெட்டி, வெட்டின இடம் காயட்டும்னு வெச்சேன். இப்பதான் வேர் வந்திருக்கு. நீயே நட்டுக்கோ."

"தினமும் போன்ல பேசினோமே, ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா?"

"நக்கோ, வேண்டாம்னு விட்டுட்டேன்மா. நீ ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கே. அம்மா குடுத்த செடி அழுகிடுச்சுன்னு அப்போ எப்படிச் சொல்றது?"

தட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அந்த நாட்களில் எத்தனையோ பேர் விசாரித்தார்கள், தைரியம் சொன்னார்கள். என் மனம் எதைத் தாங்காது என்று யோசித்து, அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.