குறி சீவிய பலகை

எங்கள் ஊஞ்சலுக்கு நான்கு மூங்கில் கால்கள். கொல்லையில் பூவரச மரம் இருந்தும் அதில் கயிறு கட்டக் கூடாது. குடிசை நின்ற மண்ணைப் போலவே மரமும் மிராசுதாருடையது. அதனால் அப்பா இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக மூங்கிலைச் சாய்த்து நட்டு, குறுக்கே ஒரு கழியைக் கட்டினார். உட்காரும் பலகை மட்டும் பண்ணையுடையது. வயல் சேற்றைச் சமன்படுத்த மாட்டைப் பூட்டி இழுக்கும் பரம்புப் பலகை. அது இரண்டாக உடைந்தபோது, "ஒரு பாதிய எடுத்துக்கடா" என்று பண்ணைக் காரியக்காரர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். வாய்ச்சொல்தான், சாட்சி கிடையாது. பலகையின் அடியில் பண்ணையின் சூட்டுக்குறி இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில், வாய்க்காலுக்கு அக்கரையில் அரசாங்கம் எங்களுக்கு மனைப்பட்டா கொடுத்தது. ஊரே கொதித்துக் கிடந்த சமயம். கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் மேல் திருட்டுக் கேஸ் விழும். அப்பாவும் சேர்ந்திருந்தார். முந்தின வாரம்தான் அடுத்த வீட்டுக்காரரை, களத்து நெல்லைத் திருடினார் என்று போலீஸ் கூட்டிப்போனது. திரும்பி வந்தவரால் கையை ஊன்றி எழுந்திருக்க முடியவில்லை.

ஊஞ்சலை விட்டுவிட்டுப் போகலாம் என்றார் அப்பா. நான் தரையில் புரண்டு அடம்பிடித்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கிளம்பும் காலையில் அப்பா அரிவாளை எடுத்துக் குறியைச் சீவிவிட்டார். குறி இல்லையென்றால் பண்ணைப் பலகை என்று யார் சொல்ல முடியும்? நல்ல யோசனை என்றுதான் நாங்களும் நினைத்தோம். கறுத்த பலகையில் சீவிய இடம் மட்டும் வெளுப்பாகப் பளிச்சென்று தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூங்கில்கள் அப்பா தோளில், பலகை அம்மா தலையில், கயிறு என் கழுத்தில். களத்தைத் தாண்டித்தான் வாய்க்காலைக் கடக்கும் மதகுக்குப் போயாக வேண்டும். களத்தில் காரியக்காரர் நின்றிருந்தார்.

"நில்லுடா. என்னடா அது?"

அம்மா பலகையை இறக்கி வைத்தாள். அவர் அதைக் காலால் புரட்டினார். சீவிய இடம் மேலே வந்தது.

"குறிய ஏன்டா சீவுன?"

அம்மாதான் பேசினாள். "நீங்க குடுத்ததுதாங்க. கேஸு கீஸு வந்துருமோன்னு பயந்து சீவிட்டாருங்க."

காரியக்காரர் சிரித்தார். "கேஸு போடணும்னா குறி எதுக்கு? போங்க, போங்க."

விட்டுவிட்டார். மதகைத் தாண்டும்வரை அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி நான் அவர் காலடியையே பார்த்து நடந்தேன்.

புதுக் குடிசையில் பால் காய்ச்ச அம்மா அடுப்பைக் கூட்டினாள். அப்பா கொல்லையில் மூங்கிலை நட்டு, கழியைக் கட்டி, கயிற்றையும் தொங்கவிட்டார். நான் பலகைக்காகக் காத்து நின்றேன். அவர் கோடாலியை எடுத்துப் பலகையைச் சிறு சிறு சிராய்களாகப் பிளந்து அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு அடம்பிடிக்கவே பயமாக இருந்தது.

பால் பொங்கியது. "நல்லா பொங்கிருச்சு" என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். அப்பா குச்சியால் அடுப்புச் சாம்பலைக் கிளறி, பலகையில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.